துறைமுகத்துக்கு உறுதி, மக்களுக்குத் தவணை

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுவதுண்டு. அவற்றைப் பற்றிய கடிதங்களை வாசித்தவர்கள் குறைவு.

1984இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு, கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தின் கீழ் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவுக்கு இடங்கொடுத்தது. முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். தன் அரபுக் குடிமக்களை 1966 வரை இராணுவ ஆட்சியில் வைத்திருந்த நாடு, இங்கே தமிழ் இயக்கங்களோடு மோதிய படைகளுக்குப் பயிற்சி தந்தது. சிறுபான்மையை அடக்கிய அனுபவம் இன்னொரு சிறுபான்மைமேல் இறக்குமதியானது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

1987 ஜூலை 29, இலங்கை–இந்திய உடன்படிக்கை. ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கு: அந்நிய இராணுவ, உளவு ஆட்கள் பற்றி இணக்கம் காண்பது, திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் விடாதது, எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் சேர்ந்து நடத்துவது.

கிண்ணியா, மூதூர் மக்களுக்குக் கிடைத்தது என்ன? கிழக்கு முஸ்லிம்களைக் கேட்காமலே வடக்கோடு இணைப்பு. 1988 டிசம்பர் 31க்குள் என்ற வாக்கெடுப்பு கடைசிவரை நடக்கவேயில்லை. 2006இல் உயர் நீதிமன்றம்தான் இணைப்பைச் செல்லாதாக்கியது.

இஸ்ரேலியப் பிரிவை 1990இல் பிரேமதாச மூடினார். 2000இல் உறவு திரும்பவும் வந்தது. எந்த நாடு வந்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேசுற மேசையில நமக்கு ஒரு கதிரை இருக்கா?