அளந்து எரிக்கும் கலை

திருகோணமலைத் துறைமுகத்தைப் புகழ்வோர் அதன் ஆழத்தையும் காவலையும் எடுத்துரைப்பர். அதன் அருகே பிரித்தானியக் கடற்படைக்காக எழுந்த எண்ணெய்க் குதங்களோ, கப்பல்கள் நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெயை நாடிய காலத்தின் சின்னங்களாம். எரிபொருளைச் சேமித்தல் எளிது. அளந்து எரித்தலே அரிது. அவ்வருமையை இவ்வூரின் போர் வரலாறே நமக்கு உணர்த்தும்.

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று தீக்கிரையாயிற்று. சீனன்குடாவிலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் அவற்றை எதிர்த்தன. ஹரிக்கேனின் மேர்லின் இயந்திரத்திற் பெற்றோலையும் காற்றையும் கலந்தது மிதவையுடைய காபுரேற்றர். விமானம் திடீரெனத் தலைகுனிந்து பாயுமிடத்துப் பெற்றோல் மிதவைக் கலத்தின் மேற்புறம் ஒதுங்கும். இயந்திரம் முதலில் எரிபொருளின்றித் தவிக்கும், பின்னர் அதன் மிகையால் மூச்சடைக்கும். பகைவன் பின்தொடரும் வேளையில் அக்கணம் உயிரின் விலையாகும். இப்பிறவிக்குறையைத் தணிக்க, 1941 இல் பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பொறியியலாளர் துளையிட்ட சிறு வில்லையொன்றால் மிகைப்பாய்ச்சலைத் தடுத்தார். நோய் தணிந்ததேயன்றி முற்றும் தீரவில்லை.

அதே போரிற் செருமானியர் வேறு வழி கண்டனர். அவர்தம் பி.எம்.டபிள்யூ. 801 இயந்திரத்தை விமானி ஒரே நெம்புகோலால் ஆண்டான். எரிபொருளின் அளவு, தீப்பொறியின் நேரம், காற்றாடித் தகடுகளின் சாய்வு ஆகியவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய கருவியொன்று தானே ஒழுங்குசெய்தது. அதனை இக்கால இயந்திரக் கணினியின் மூதாதை எனலாம்.

போரில் முளைத்த இக்கலை, பின்னர் நகரங்களின் காற்றைக் காக்கும் தேவையால் வளர்ந்தது. கலிபோர்ணியாவின் புகைமூட்டம் மோட்டார்ப் புகையை அடக்கும் சட்டங்களைப் பிறப்பித்தது. 1967 இல் பொஷ் நிறுவனம் மின்னணு முறையிற் பெற்றோலைப் பீச்சும் அமைப்பை வெளியிட்டது. 1976 இற் புகையில் எஞ்சிய ஒட்சிசனை அறியும் உணர்கருவி வண்டிகளில் இடம்பெற்றது. 1979 இல் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினி ஆளத் தொடங்கியது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று அமைந்தாலன்றி, புகையின் நச்சை மாற்றும் ஊக்கி செவ்வனே தொழிற்படாது. உணர்கருவி புகையின் நிலையை அறிவிக்க, கணினி அடுத்த பீச்சலைக் கூட்டும் அல்லது குறைக்கும். பெற்றோலிற் கலந்த ஈயம் அவ்வூக்கியைக் கெடுப்பது. இலங்கையில் அத்தகைய பெற்றோல் 2002 இல் ஒழிந்தது.

இக்கணத்தில் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்னும் ஒரே வினாவுக்கு மிதவையும் கணினியும் இரு காலத்து விடைகள். வண்டியின் கணினியைத் திறவாப் பேழையென எண்ணி ஒதுங்கும் மாணவர், வினாவை அறியின் விடையைத் திருத்தவும் வல்லவராவர். நிறைந்த குதங்களினும் அளந்தாளும் அறிவே ஒரு நாட்டின் நிலையான செல்வம்.