தத்தெடுப்பா, தோழமையா? யெல்லோ ஸ்பிரிங்ஸ் முதல் காந்திகிராமம் வரை கல்லூரி–ஊர் உறவின் வரலாறு

முன்னுரை

தை, மாசி மாதங்களில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே சாயலில் பல செய்திகளைக் காணலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் தொடக்கம், முகாம் நிறைவு, மரக்கன்று நடுதல், இலவசக் கண் பரிசோதனை. உடன் ஒரு படம். முன்வரிசையில் சால்வை போர்த்திய முதல்வரும் ஊராட்சித் தலைவரும் நிற்பார்கள். பின்வரிசையில் தொப்பி அணிந்த மாணவர்கள் பதாகையை இழுத்துப் பிடித்திருப்பார்கள். படத்தின் ஓரத்தில், பாதி உருவம் மட்டும் தெரிய, அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் நின்றிருப்பார். அவர் பெயர் செய்தியில் வராது.

அந்த ஓரத்தில் நிற்பவரை நடுவுக்குக் கொண்டுவர நூறாண்டுக்கும் மேலாக முயற்சிகள் நடந்து வந்துள்ளன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்றிலும், வங்காளத்துக் கிராமம் ஒன்றிலும், வார்தாவிலும் தனித்தனியே ஊற்றெடுத்த சிந்தனைகள் 1949-இல் ஓர் அறிக்கையில் சந்தித்தன. அங்கிருந்து திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துறைக்கும் இடைப்பட்ட நிலம்வரை அவை வந்து சேர்ந்தன. அந்த வழியைத் தடம்பிடித்து, கல்லூரிக்கும் ஊருக்குமான உறவு எப்போது தோழமையாக நிலைத்தது, எப்போது சடங்காகத் தேய்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆன்டியாக்: உழைப்பும் படிப்பும்

ஒஹாயோவின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் 1853-இல் ஆன்டியாக் கல்லூரி திறக்கப்பட்டது. பொதுப்பள்ளிக் கல்விக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய ஹொரேஸ் மான் அதன் முதல் தலைவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாடத்திட்டம் என்பது அங்கே தொடக்கம் முதலே நடைமுறையில் இருந்தது. கொள்கையில் செல்வமிக்க அக்கல்லூரி பணத்தில் என்றும் ஏழை. 19-ஆம் நூற்றாண்டிலேயே கதவை மூடவும் திறக்கவும் நேர்ந்தது.

1920-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஆர்தர் மார்கன் கல்லூரிப் பட்டம் பெறாத பொறியாளர். 1913 மார்ச்சில் மயாமி நதி பெருகி டேட்டன் நகரை மூழ்கடித்தது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு வரட்டும் என்று காத்திராமல் நகர மக்கள் தாங்களே 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினர். அத்தகைய வெள்ளம் மீண்டும் வராமல் தடுக்க ஐந்து அணைகளைத் திட்டமிட்டுக் கட்டும் பணி மார்கனிடம் வந்தது. ஓர் ஊர் தன் துயரத்தைத் தானே தீர்க்க முனைந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். அவருடைய கல்விக் கொள்கையை விளங்கிக்கொள்ள இந்த அனுபவம் முக்கியம்.

1921-இல் ஆன்டியாக்கில் அவர் தொடங்கிய ஏற்பாடு எளிமையானது. மாணவர்களில் ஒரு பாதியினர் வகுப்பில் இருக்கும்போது மறுபாதியினர் தொழிற்சாலையிலோ, கடையிலோ, பத்திரிகை அலுவலகத்திலோ ஊதியத்துக்கு வேலை பார்ப்பார்கள். சில வாரங்கள் கழித்து இருசாராரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஒரே வேலையை இருவர் மாற்றி மாற்றிச் செய்ததால் முதலாளிக்கு ஆண்டு முழுதும் ஆள் கிடைத்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-லேயே பொறியியல் மாணவர்களுக்கு இத்தகைய முறை வந்துவிட்டது. இலக்கியமும் வரலாறும் படிப்பவருக்கும் அதை விரித்தது மார்கனின் பங்கு. வேலை என்பது படிப்புக்கு இடையூறு அன்று, படிப்பின் ஒரு பகுதி என்றானது.

இதன் பயனை ஊரும் கண்டது. கல்லூரியைச் சுற்றிச் சிறு தொழில்கள் முளைத்தன. 1926-இல் தொடங்கிய ஆன்டியாக் புக்பிளேட், 1948-இல் தொடங்கிய யெல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் ஆகியவை கல்லூரியோடு தொடர்புடையவர்கள் நடத்தியவை. 1929-இல் நன்கொடையாகக் கிடைத்த கிளென் ஹெலன் என்னும் காடு மாணவர்க்கும் ஊராருக்கும் பொதுவான நடைபாதை ஆயிற்று. 1958-இல் மாணவர் நடத்திய சிறு வானொலியாகத் தொடங்கிய டபிள்யூ.ஒய்.எஸ்.ஓ. பின்னாளில் அந்த வட்டாரத்தின் பொது வானொலியாக வளர்ந்தது.

மார்கன் அங்கேயே தங்கிவிடவில்லை. 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவரானார். 1938-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். யெல்லோ ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பியவர் சிற்றூர்களின் வாழ்வையே தம் ஆய்வாக்கிக்கொண்டார். பெரிய ஆணையத்தை நடத்தியவர் சிற்றூருக்குத் திரும்பிய இந்தத் திருப்பமே அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ஸ்ரீநிகேதனும் வார்தாவும்

ஆன்டியாக்கில் புதிய முறை தொடங்கிய மறு ஆண்டு, 1922-இல், சாந்திநிகேதனை அடுத்த சுருல் கிராமத்தில் தாகூர் ஊரகச் சீரமைப்பு மையம் ஒன்றை நிறுவினார். அதுவே ஸ்ரீநிகேதன். வேளாண்மை பயின்ற லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் அதன் முதற்பணிகளை வழிநடத்தினார். மலேரியா, கடன், தரிசாகிப்போன நிலம் ஆகியவை அங்கே பாடங்களாயின. ஊர் எதனால் நலிந்தது என்று கேட்டுவிட்டே மருந்து தேடினார்கள்.

மூன்றாவது ஊற்று வார்தா. 1937-இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைத்தது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினொரு ஆண்டுகள் கழித்து அவர் மார்கனோடு ஒரே மேசையில் அமர்ந்தார்.

1949 அறிக்கை: சங்கமம்

விடுதலைக்குப்பின் 1948-இல் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு எஸ். ராதாகிருஷ்ணன் தலைவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும், ஜாகிர் உசேனும், ஆர்தர் மார்கனும் உறுப்பினர்கள். 1949-இல் வெளிவந்த அறிக்கையில் கிராமியப் பல்கலைக்கழகங்களுக்கென்றே தனி இயல் உண்டு. மார்கனின் கைவண்ணம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

சிறு சிறு கல்லூரிகள் வளையமாகச் சூழ, நடுவில் ஒரு கிராமியப் பல்கலைக்கழகம் என்பதே அந்தக் கனவின் வடிவம். ஒரு கல்லூரியில் சுமார் 300 மாணவர். எல்லாம் சேர்ந்து 2,500-ஐத் தாண்டக் கூடாது. படிப்புக்கும் செய்முறைப் பணிக்கும் நேரம் பங்கிடப்பட வேண்டும். இந்த எண்களில் ஒரு கொள்கை இருக்கிறது. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் கல்லூரி ஊரின் அங்கமாக முடியும். பெருத்துவிட்டால் அது ஊர் நடுவே நிற்கும் கோட்டையாகிவிடும்.

1954-இல் கே. எல். ஸ்ரீமாலி தலைமையில் அமைந்த குழு இந்த எண்ணத்தைச் செயலுக்குக் கொண்டுவர வழிசொன்னது. 1956-இல் நாடெங்கும் ஊரக உயர்கல்வி நிலையங்கள் தொடங்கின. ஸ்ரீநிகேதனும், டெல்லியின் ஜாமியா மில்லியாவும், குஜராத்தின் சனோசராவும் பட்டியலில் இருந்தன. தமிழ்நாட்டில் இரண்டு: தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், மற்றொன்று காந்திகிராமம்.

காந்திகிராமம்: மருத்துவமனையிலிருந்து கல்லூரி

காந்திகிராமத்தின் தனித்தன்மை அதன் பிறப்பு வரிசையில் இருக்கிறது. வழக்கமாகக் கல்லூரி முதலில் எழும்பும். ஊர்ப்பணி பிற்பாடு ஒரு துறையாக ஒட்டவைக்கப்படும். இங்கே அது தலைகீழ். டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் இதைத் தொடங்கியபோது உயர்கல்வி நிலையம் இல்லை. மருத்துவம், தாய்சேய் நலம், ஆதாரக் கல்வி, கதர், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் என ஊரின் தேவைகளே முதலில் வந்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1956-இல்தான் உயர்கல்வி வந்தது.

நிறுவியவர்கள் வந்த பாதையும் இதற்குப் பொருத்தமானது. ராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் படித்துக் காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் வாழ்ந்தவர். இரு ஊற்றின் நீரும் அவரிடம் கலந்திருந்தது. டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம் இளம் வயதில் கணவரை இழந்தபின் டெல்லியில் மருத்துவம் படித்தவர். 1952-இல் ஆத்தூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். ஆகவே காந்திகிராமத்தைச் சூழ்ந்த ஆத்தூர் வட்டாரம் அந்நிறுவனத்துக்கு வெறும் ஆய்வுக்களமாக இருக்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமையுள்ள வாக்காளர்கள் வாழும் இடமாகவும் இருந்தது. அங்கே 1959-இல் தொடங்கிய முன்னோடி நலவாழ்வுத் திட்டம் 1964-இல் ஊரக நலவாழ்வு, குடும்பநலக் கல்விக்கான தனி நிறுவனமாக விரிந்தது.

கிராமத்தில் தங்கிப் பயிலும் ஏற்பாடு இந்தக் கல்வியின் உயிர். ஊர் வரைபடம் போடும் பயிற்சியை நெருங்கிப் பார்த்தால் அதன் பொருள் புரியும். மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு தொடங்கினால் ஊரார் எட்டி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கோலமாவைக் கொண்டுவந்து தெருவிலேயே வரையச் சொன்னால் நிலைமை மாறிவிடும். "ஏம்ப்பா, எங்க கெணத்த விட்டுட்டியே" என்று ஒரு அம்மா குனிந்து கையிலிருந்து மாவை வாங்கிக்கொள்வார். வரைபவர் ஊரார், கற்பவர் மாணவர் என்றாகும் கணம் அது. எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை, காலனிக்குப் போகும் பாதை எங்கே குறுகுகிறது என்பதெல்லாம் அந்த வெள்ளைக் கோடுகளில் தானாக வெளிவரும்.

தடைக்கல்: சான்றிதழின் மதிப்பு

அப்படியானால் இந்த முயற்சி ஏன் நாடெங்கும் வேரூன்றவில்லை? பணத்தையும் நிர்வாகத்தையும் விடப் பெரிய காரணம், படித்து முடித்தவர் கையில் இருந்த தாள். ஊரக நிலையங்கள் முதலில் வழங்கியது பட்டயம். அதைப் பட்டத்துக்கு நிகராக அரசு ஏற்றபின்னும் வேலை தருவோரும் பல்கலைக்கழகங்களும் தயங்கினார்கள். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்த விவசாயிக்கு "இது பி.ஏ. தானா?" என்பதே முதற்கேள்வி. அந்தக் கேள்வியில் பிழையில்லை. கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் வேறு கல்வி என்றால், அது குறைந்த கல்வியோ என்று ஐயுறும் நியாயம் சாதியாலும் வறுமையாலும் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறைகளுக்கு உண்டு. கிராமியக் கல்வியை முன்வைத்தவர்கள் இந்த அச்சத்தைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

நிலையங்கள் பலவும் காலப்போக்கில் வழக்கமான கல்லூரிகளாயின. காந்திகிராமம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிப் பட்டம் வழங்கும் தகுதி பெற்றுத் தன் பணியைத் தக்கவைத்துக்கொண்டது. கிராமப்பணியும் மதிப்புள்ள பட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

முகாமும் தத்தெடுப்பும்

இதற்கிடையே வேறொரு பாதையும் திறந்தது. காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஏழுநாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. லட்சக்கணக்கான நகரத்துப் பிள்ளைகளை முதன்முதலாகக் கிராமத்துத் திண்ணையில் உட்கார வைத்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் அடிப்படை வேறுபாட்டையும் காண வேண்டும். ஆன்டியாக்கிலும் காந்திகிராமத்திலும் களப்பணி பாடத்திட்டத்துக்குள் இருந்தது. இங்கே பெரும்பாலும் அதற்கு வெளியே, விடுமுறையில் நிற்கிறது. தர மதிப்பீட்டுக் குழுவுக்கு ஆண்டுதோறும் விரிவாக்கப் பணிகளைக் கணக்குக் காட்டும் நிலை வந்தபின், படமும் செய்தி நறுக்கும் கோப்பில் சேர்வதே பணியின் நிறைவு என்றாகும் ஆபத்தும் கூடியது.

'தத்தெடுத்த கிராமம்' என்ற சொல்லாட்சியும் இக்காலத்தில்தான் பரவலானது. பெற்றவர் இல்லாத பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். கோயிலும் கண்மாயும் பஞ்சாயத்தும் உள்ள ஊர், ஐம்பதாண்டு வயதுள்ள கல்லூரிக்குப் பிள்ளையாக முடியாது. சொல் தவறும்போது உறவும் தவறுகிறது: கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு அங்கேயே உறுதியாகிவிடுகிறது.

செய்தியும் அவ்வாறே ஒருவழிப்பாதையானது. அதை மாற்றும் வாய்ப்பு 2004 பிப்ரவரியில் வந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. சுற்றியுள்ள குடியிருப்புப் பெண்கள் தங்கள் சிக்கல்களைத் தாங்களே பேசும் இடம் அது. வளாகச் செய்தி என்பது வளாகத்தைப் பற்றிய செய்தி மட்டுமல்ல, வளாகத்தின் வழியே ஊர் பேசும் செய்தியும்தான் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

முடிவுரை

2008-இல் பணநெருக்கடியால் ஆன்டியாக் கல்லூரி மூடப்பட்டது. அப்போது நடந்தது இந்த ஆய்வின் மையக் கேள்விக்கு விடை சொல்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் கலைந்துபோக மறுத்தனர். யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊர் தன் தேவாலயங்களையும் வீட்டுக் கூடங்களையும் திறந்துவிட்டது. வளாகம் பூட்டியிருக்க, வகுப்புகள் ஊருக்குள் நடந்தன. பழைய மாணவர்கள் வளாகத்தை மீட்டனர். 2011-இல் கல்லூரி மீண்டும் திறந்தது.

கல்லூரி ஊருக்குச் செய்த பணிகளைப் பட்டியலிட்டு உறவை அளக்கிறோம். நூறாண்டு வரலாறு காட்டும் அளவுகோல் வேறு: களப்பணிக்குப் பாடத்தில் இடம் வேண்டும், அந்தப் படிப்புக்கு உலகில் மதிப்பு வேண்டும், எது தேவை என்று சொல்லும் உரிமை ஊரிடம் இருக்க வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில், கல்லூரிக்கு ஒரு துன்பம் வந்தால் ஊர் தன் கதவைத் திறக்கும். அடுத்த முகாமின் நிறைவுப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பாட்டியை நடுவில் உட்கார வைத்து, அவர் பெயரையும் அவர் சொன்னதையும் செய்தியில் எழுதுவது சிறிய செயல். ஆனால் தோழமை அங்கிருந்துதான் தொடங்கும்.