குழாயில் படியும் கல்

வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படியும் உப்பைக் காணாத இல்லம் அரிது. மருத்துவர் உடலுக்குள் வைக்கும் சிறு குழாயின்மீதும் உப்புப் படியும் என்பதை எனக்கு என் உடலே கற்பித்தது. அக்குழாயின் வரலாற்றையும், அதில் கல் படியாமல் காக்க எழுந்த முயற்சிகளையும் இன்று சொல்ல விழைகின்றேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நாளம் மிகக் குறுகியது. அதைக் கல் அடைத்துக்கொண்டால், மேலே தேங்கும் நீர் சிறுநீரகத்தையே நலித்துவிடும். அவ்வழி திறந்திருக்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாயை ஸ்டென்ட் என்கின்றனர். சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் ஆங்கிலப் பல் மருத்துவர். அவர் 1856இல் பல்லச்சு எடுக்கும் பொருளொன்றைச் செம்மைப்படுத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் எஸ்ஸர் என்னும் டச்சு அறுவை மருத்துவர், ஒட்டிய தோலைத் தாங்கிப் பிடிக்க அப்பொருளைக் கையாண்டார். தாங்கி நிற்கும் கருவிக்கு அப்பெயரே பின்னர் வழங்கலாயிற்று.

1967இல் ஜிம்ஸ்கைண்டும் அவர்தம் துணைவரும், வயிற்றைக் கீறாமல் சிறுநீர்ப்பை வழியாகவே சிலிக்கோன் குழாயை நாளத்துள் செலுத்தி நெடுநாள் வைத்திருந்த அனுபவத்தை வெளியிட்டனர். ஆயினும் நேரான குழாய் இடம்விட்டு நழுவியது. 1978இல் ராய் ஃபின்னி, இரு முனையும் கொக்கிபோல் வளைந்த குழாயை அறிமுகம் செய்தார். ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் வளைந்து நின்றமையால், நழுவும் தொல்லை பெரிதும் நீங்கிற்று. ஆனால், நழுவாமல் நிற்கும் குழாயை மறந்துவிடுவதும் எளிதாயிற்று!

கல் எவ்வாறு படிகிறது? குழாயின்மேல் முதலில் புரதங்கள் மெல்லிய படலமாய் ஒட்டுகின்றன. அதன்மேல் நுண்கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றுள் புரோட்டியஸ் போன்றவை யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். பாஸ்பேட் உப்புகள் படிகங்களாகிப் படியும். இந்நொதியை 1926இல் வாளவரை விதையிலிருந்து படிகமாகப் பிரித்தவர் ஜேம்ஸ் சம்னர். இளமையிலேயே இடக்கையை இழந்த அவர், 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கிருமி இல்லாதவர்க்கும் கவலை இல்லையெனக் கூற இயலாது. கல்நோய் உடையவர்க்குக் கால்சியம் ஆக்சலேட் படிவதுண்டு.

இதைத் தடுக்க வழி தேடினர். 1943இல் சூபியும் ஆல்பிரைட்டும், மக்னீசியம் கலந்த சிட்ரேட் கரைசலைச் செலுத்திப் பாஸ்பேட் கற்களைக் கரைக்கும் முறையை வெளியிட்டனர். பிற்காலத்தில் குழாய்க்கு ஹெப்பரின் பூச்சும் ஹைட்ரோஜெல் பூச்சும் இட்டுப் பார்த்தனர். எனினும், படிவை முற்றிலும் தடுக்கும் பொருள் இன்னும் கைவரவில்லை. கல்நோயாளிகளைப் பற்றி எல்ஃபக்கீ குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. ஆறு வாரத்திற்குள் எடுத்த குழாய்களில் 9.2 விழுக்காட்டில் மட்டுமே படிவு இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இருந்தவற்றில் 47.5 விழுக்காடு, அதற்கும் மேல் இருந்தவற்றில் 76.3 விழுக்காடு!

என் குழாயை ஆறாம் வாரத்தில் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தந்திருந்தனர். வலி நின்றது, சீட்டை அலமாரியில் வைத்தேன், மறந்தேன். ஏழாம் மாதத்தில் காய்ச்சலுடன் சென்றபோது, குழாயின் இரு முனையிலும் கல் திரண்டிருந்தது. ஒரு நாழிகையில் முடிய வேண்டிய பணிக்கு இரண்டு முறை அறுவை அரங்கினுள் செல்ல நேர்ந்தது. சிறுநீரகம் தப்பியது என் நற்பேறு. எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை.

மருத்துவர் தடை சொல்லாதவரை நீரை நிறைய அருந்துக. கிருமி கண்டால் காலந்தாழ்த்தாது மருந்து கொள்க. இவை யாவினும் முதன்மையானது, குழாயை எடுக்க வேண்டிய நாளை மறவாமை. குழாய் வைத்துக்கொண்டவர் அந்நாளை அலமாரிச் சீட்டில் விட்டுவிடாமல், வீட்டார் அனைவரும் காணும் நாட்காட்டியில் குறித்து வைப்பாராக.