நான்கு மடங்கு என்னும் கணக்கு

நிலம் கையகப்படுத்தல் குறித்து எதிர்ப்பு எழும்போதெல்லாம், 'சந்தை மதிப்பைப்போல நான்கு மடங்கு வரை தருகிறோமே' என்னும் பதில் அரசுத் தரப்பிலிருந்து வருகிறது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

1894-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, முத்திரைத்தீர்வைக்கான மதிப்பையும், முந்தைய மூன்றாண்டுகளில் அருகில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, அதிகமானதை அடிமதிப்பாகக் கொள்வது பொது விதி. ஊரகமெனில் அதை ஒன்று முதல் இரண்டு வரையிலான காரணியால் பெருக்கி, அதற்கு நிகரான ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும்.

பிழை பெருக்கலில் இல்லை, அடிமதிப்பில் இருக்கிறது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டுவது ஊரறிந்த ரகசியம். ஏக்கர் 40 லட்சத்துக்குக் கைமாறும் நிலம் பத்திரத்தில் 10 லட்சம் என்றிருந்தால், உச்சக் காரணியான இரண்டும் ஆறுதல் தொகையும் சேர்ந்து 40 லட்சத்தைத்தான் தரும். காரணி ஒன்றரை எனில் 30 லட்சம். விற்க விரும்பாதவருக்கு இதில் மிச்சம் என்ன? 2017-இல் தமிழகத்தில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. வாங்குவோருக்கு அது சலுகை, நிலத்தை இழப்போருக்கு?

சமூகத் தாக்க மதிப்பீடு, தனியார் நிறுவனத் திட்டங்களுக்கு 80 சதவீதத்தினரின் ஒப்புதல் ஆகியவையே 2013 சட்டத்தின் உயிர்நாடி. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்கள் இவற்றிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. இழப்பீட்டு விதிகள் மட்டும் பின்னர் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன. தமிழகம் தன் நெடுஞ்சாலைகள் சட்டத்தையும், 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தையும் இவ்வாறே விலக்கிக்கொண்டது. உயர்நீதிமன்றம் 2019-இல் அதை ஏற்கவில்லை. அரசு புதிய சட்டம் இயற்றியது. உச்சநீதிமன்றம் 2021-இல் அதை உறுதிசெய்தது. சட்டப்படி சரிதான். ஆனால், கருத்துக் கேட்க வேண்டிய இடத்தில்தான் விலக்கு தேடுகிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

சொத்துரிமை 1978-இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கினாலும், அரசமைப்பின் 300-ஏ பிரிவில் நிலைக்கிறது. அறிவிப்பு, விசாரணை, காரணம் கூறும் ஆணை, நியாயமான இழப்பீடு ஆகியவை அதன் கூறுகளே என 2024-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நில உரிமையாளர்கள் காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும். 2013 சட்டத்தின்கீழ் முதற்கட்ட அறிவிக்கைக்குப் பின் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள். தேசிய நெடுஞ்சாலைக்கு 21 நாள் மட்டுமே. இழப்பீட்டுத் தொகையைப் பெறும்போது, ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் வாங்கியவர், 2013 சட்டத்தின்கீழ்க் கூடுதல் தொகை கோரி மேல்விசாரணைக்கு அனுப்பக் கேட்கும் உரிமையை இழக்கிறார்.