கெண்டி மூக்கும் கெட்டில் மூக்கும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைக் கெண்டி கிடக்கிறது. அறுபது வருடத்துக்கு மேலாக யாரும் அதைப் புழங்கவில்லை. எடைக்குப் போடவும் அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

1961. காரைக்கால் பக்கம் அரசலாற்றங்கரைக் கிராமம். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து ஏழு வருடம் ஆகியும் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சுப் பாடம்தான். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. தாத்தா படுத்த படுக்கை. நொய்க்கஞ்சியைக் கெண்டியில் ஊற்றி, அதன் மூக்கை அவர் வாயில் வைத்துப் புகட்டுவார்கள். தம்பிக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதே கெண்டியில்தான்.

ஒருநாள் காலை, அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியைக் கெண்டியில் ஊற்றி ஆறவைத்துவிட்டு அம்மா கொல்லைப்பக்கம் போனார். தண்ணீர் என்று நினைத்துத் தம்பி வாய் வைத்துவிட்டான். அலறல் கேட்டு எல்லோரும் ஓடி வந்தோம். அப்பாயி நெய்யும் சர்க்கரையும் குழைத்து வாயில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, தூங்கிப்போனான். கண்டம் கழிந்தது என்று நினைத்தோம்.

பொழுது சாயும் நேரம் குரல் கம்மியது. எச்சிலை விழுங்காமல் ஒழுகவிட்டான். பிறகு மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒரு கீச்சுச் சத்தம். அப்பா வண்டி கட்டினார். ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நெய்யெல்லாம் குடுத்தோமே, புள்ள அழுகைய நிறுத்திட்டானே, அப்பறம் ஏன்டா போனான்?" அம்மா சாகும்வரை கேட்ட கேள்வி இது. ஊரில் சிலர் கண்ணேறு என்றார்கள், சிலர் வயிறு வெந்துவிட்டது என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு, கற்ற பிரெஞ்சு மறந்துவிடக்கூடாதென்று பழைய வைத்திய வரலாறுகளைப் படிக்கத் தொடங்கினேன். பதில் அங்கே இருந்தது.

200 வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்குக் கெட்டில் மூக்கிலிருந்து தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தது. ஆறிய தண்ணீர் குடித்துப் பழகிய குழந்தை, அது கொதிக்கும்போதும் வாய் வைத்துவிடும். எங்கள் கெண்டிக் கதையேதான். அப்போது நாட்டிங்ஹாம் நகரில் வைத்தியம் பார்த்துவந்த மார்ஷல் ஹால், 1820களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். நரம்புகளின் அனிச்சைச் செயல் பற்றிய ஆராய்ச்சியால் பிற்காலத்தில் பெயர் பெற்றவர் இவரே.

சுட்டவுடன் குழந்தை துப்பிவிடுகிறது, வெந்நீர் பெரும்பாலும் வயிறுவரை போவதே இல்லை. வேகும் இடம் நாக்கின் அடியும் குரல்வளையின் வாசலும்தான். அந்த இடம் உடனே வீங்கிவிடாது, மணிக்கணக்கில் மெல்ல வீங்கும். அதற்குள் வலி சற்றுத் தணிந்து குழந்தை தூங்கியும் போகலாம். பிறகு மூச்சு அடைக்கிறது. உணவு போகும் வழியில் பட்ட சூடு, காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது.

வீக்கம் கொஞ்சம்தானே என்று கேட்கலாம். இதற்குக் கணக்குச் சொன்னவர் ஒரு பிரெஞ்சு வைத்தியர். பெயர் புவாஸெய். மெல்லிய குழாய்களில் திரவம் ஓடும் விதத்தை 1840களில் அளந்து, குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்று காட்டினார். காற்றுக்கும் ஏறக்குறைய இதே நியாயம்தான். சிறு குழந்தையின் மூச்சுப்பாதையில் குறுகலான இடம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். 4 மில்லிமீட்டர் பாதையில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர், அதாவது பாதி விட்டம். பெரியவர்கள் தாங்கிக்கொள்ளும் வீக்கம் குழந்தையைக் கொன்றுவிடுவது இதனால்தான்.

அடைத்த தொண்டைக்கு வழி தேடியதிலும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் போராடியது தொண்டை அடைப்பான் நோயோடு. 1825-ல் தூர் நகரில் பியர் ப்ரெத்தொனோ, தம் நண்பர் வீட்டு நான்கு வயதுப் பெண் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து குழல் வைத்துப் பிழைக்கவைத்தார். அதற்கு முன் இரண்டு முறை முயன்று தோற்றவர். அவருடைய மாணவர் ஆர்மான் த்ரூஸோ 200-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்தார். ஏறக்குறைய கால் பங்குக் குழந்தைகள் பிழைத்தார்கள். மற்றபடி சாகப் போகிறவர்கள் என்பதால் அந்தக் கால் பங்கே பெரிது.

கழுத்தை அறுக்காமல் வாய் வழியாகவே குழல் விடலாம் என்று 1858-ல் பூஷு என்ற பாரிஸ் வைத்தியர் சொன்னார். த்ரூஸோவே அதை எதிர்த்தார், வைத்தியக் கழகம் ஒதுக்கிவிட்டது. 1880களில் நியூயார்க்கில் ஓட்வையர் என்பவர் அதைச் செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றது. இன்று நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் வீக்கம் வடியும்வரை குழந்தைகளைக் காப்பாற்றுவது அந்த வாய்வழிக் குழல்தான்.

இவ்வளவையும் எழுதுவது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களுக்காக. சூடான பொங்கலோ கஞ்சியோ பாலோ தொண்டையில் பட்டுவிட்டால், குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். வாயில் மிஞ்சியதைத் துப்பச் சொல்லுங்கள். விழுங்க முடிந்தால் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரைச் சிறு சிறு வாயாகக் கொடுங்கள். நெய், தேன் எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், விரலையோ துணியையோ தொண்டைக்குள் விடாதீர்கள். அழுகை நின்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குரல் கம்மினாலோ, எச்சில் ஒழுகினாலோ, மூச்சிழுக்கையில் சத்தம் வந்தாலோ ஒரு நிமிடமும் காக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரை குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம். மைக்ரோவேவில் சுடவைத்த பாலில் மேலே ஆறியிருந்தாலும் நடுவில் கொதிக்கும். கலக்கி, உங்கள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

அம்மா 1998-ல் போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் நான் படித்தது அதற்கும் பல வருடம் கழித்து. கண்ணேறு இல்லை, வயிறும் வேகவில்லை, நெய் கொடுத்த கையிலும் குற்றமில்லை, அந்தத் தூக்கத்தை நாம் நம்பிவிட்டோம், அவ்வளவுதான் அம்மா என்று சொல்லியிருப்பேன். அவர் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.