கைக்கடிகாரத்தின் பட்டியலில் இல்லாத உழைப்பு

விளையாட்டுக் கைக்கடிகாரத்தில் உடற்பயிற்சிக்கான பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரிகிறது. நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல், எடைப்பயிற்சி, யோகம் என்று அது நீள்கிறது. தில்லியின் லோதித் தோட்டத்தில் விடியற்காலையில் நடக்க வருவோர் பலர் இப்பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்த பிறகே முதல் அடியை எடுத்து வைக்கின்றனர். அதே நேரத்தில் ஆசாத்பூர் மண்டியில் காய்கறி மூட்டை சுமப்பவர் அவர்களைவிடக் கூடுதலாகவே ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டிருப்பார். அவருக்குரிய சொல் அப்பட்டியலில் இல்லை. எடை நிரப்பிய பையை முதுகில் மாட்டி நடக்கும் பயிற்சிக்கு அண்மையில் சில கருவிகள் இடம் அளித்துள்ளன. சுமை பொழுதுபோக்காகும்போது பட்டியலில் ஏறிவிடுகிறது. பிழைப்பாக இருக்கும்போது ஏறுவதில்லை. இந்த விடுபாடு தற்செயலானதன்று, அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதே இப்பதிவின் கருத்து.

முதலில், பயிற்சியைத் தெரிவு செய்வது வெறும் பெயரிடல் அன்று என்பதைக் காண வேண்டும். எந்த உணரி இயங்க வேண்டும், எந்தச் சூத்திரம் பயன்பட வேண்டும் என்பதை அத்தெரிவே தீர்மானிக்கிறது. திறந்தவெளி ஓட்டம் என்றால் செயற்கைக்கோள் வழியாக இடம் அறியப்படும். அறைக்குள் ஓட்டம் என்றால் கை வீச்சைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். நீச்சலுக்குக் குளத்தின் நீளத்தை நாமே முன்கூட்டித் தரவேண்டும். எடைப்பயிற்சியில் முன்கைத் தசைகள் இறுகுவதால், குருதியோட்டத்தைப் பச்சை ஒளியால் அளக்கும் உணரி தடுமாறும். கை வீச்சே நடையின் அடையாளம் என்பதால், தள்ளுவண்டியின் பிடியைப் பற்றிச் செல்பவரின் அடிகளில் பல எண்ணப்படாமல் போகும். வேகத்தையும் உடல் எடையையும் மட்டும் கொண்டு கணிக்கும் சூத்திரம், இருவரை ஏற்றிக்கொண்டு மெல்ல மிதிக்கும் ரிக்‌ஷா ஓட்டுநரை நிதானமாக உலா வருபவராகவே கொள்ளும். அவருடைய இதயத்துடிப்பு உண்மையை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் அவ்வுழைப்பு 'பிற' என்னும் கட்டத்தில்தான் போய்ச் சேரும்.

வியப்பு என்னவெனில், மனித உடலின் ஆற்றல் செலவை அளக்கும் அறிவியல் வளர்ந்ததில் உழைப்பைப் பற்றிய கேள்விகளுக்கே பெரும் பங்கு உண்டு. 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் அமைத்த கலோரிமானி அறைக்குள் மனிதர்கள் ஓய்ந்திருந்தும் நிலைமிதிவண்டியை மிதித்தும் தம் உடல் வெப்பத்தை அளக்கக் கொடுத்தனர். ஒருவர் செய்யும் வேலைக்கு எவ்வளவு உணவு தேவை என்பது அக்காலத்தின் பெருங்கேள்வி. 1927இல் ஹார்வர்டில் தொடங்கப்பட்ட களைப்பு ஆய்வகம் அப்பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியின் கட்டடத்திலேயே இயங்கியது. தொழிலாளியின் களைப்பு அதன் முதன்மையான அக்கறைகளுள் ஒன்று.

இந்தியாவில் இக்கேள்வி நீலகிரியில் வேர்விட்டது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராயிருந்த அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். 1944இல் இந்தியர்க்கான உணவுப் பரிந்துரைகள் முதன்முறையாக வகுக்கப்பட்டன. அம்மரபில் வந்த பரிந்துரைகள் மக்களை உழைப்பின் அளவால் மூன்றாகப் பிரிக்கின்றன: அமர்ந்த வேலை, நடுத்தர உழைப்பு, கடும் உழைப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையில் 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு இவை முறையே 2,320, 2,730, 3,490 கிலோகலோரி. முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடு 1,170. அந்த எண்ணில்தான் மூட்டை சுமப்பவரின் நாள் அடங்கியிருக்கிறது.

தில்லியின் யோஜனா பவனுக்குள்ளும் அந்த எண் நுழைந்தது. அலக் தலைமையில் அமைந்த திட்டக்குழுவின் பணிக்குழு 1979இல் வறுமைக்கோட்டைக் கலோரியின் அடிப்படையில் வரையறுத்தது. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஊர்ப்புறத்தில் 2,400, நகர்ப்புறத்தில் 2,100 கிலோகலோரி. ஊர்ப்புறத்தார் கூடுதலாக உடலுழைப்பில் ஈடுபடுகின்றனர் என்பதே இவ்வேறுபாட்டின் நியாயம். இக்கணக்கின் குறைகள் பல. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவுகோலிலிருந்து விலகியது. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். அரசின் ஏட்டில் கலோரி என்பது உழைப்பவருக்குக் கிடைத்தாக வேண்டிய ஒன்று. இன்று மணிக்கட்டில் அது நாம் எரித்துத் தொலைக்க வேண்டிய ஒன்று.

இத்திருப்பத்தை விளங்கிக்கொள்ள 1982ஆம் ஆண்டு உதவும். அவ்வாண்டு பின்லாந்தின் போலார் நிறுவனம் மார்புப் பட்டையிலிருந்து கம்பியின்றி மணிக்கட்டுக்கு இதயத்துடிப்பை அனுப்பும் கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஆய்வகத்தின் அளவை விளையாட்டு வீரரின் கைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் தில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. ஓடுகளத்தில் ஒருவரின் முயற்சி நொடியின் நூறில் ஒரு பங்குவரை பதிவாயிற்று.

அவ்வரங்குகளைக் கட்டியவர்களின் முயற்சியும் அதே ஆண்டு ஓரிடத்தில் பதிவாகியுள்ளது. மக்கள் ஜனநாயக உரிமைகள் ஒன்றியம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 செப்டம்பரில் அளித்த தீர்ப்பே அது. நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு குறைந்தபட்சக் கூலி. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் கழித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசையே தொழிலாளியிடம் தந்தார் என்பது வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறியது. தில்லியின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பதக்கப் பட்டியலோடு இத்தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே ஓடுகளம். ஓடியவரின் உழைப்புக்குக் கடிகாரம் இருந்தது, கட்டியவரின் உழைப்புக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது.

1993இல் பார்பரா எய்ன்ஸ்வொர்த்தும் உடனாய்வாளர்களும் உடல் இயக்கங்களின் தொகுப்பை வெளியிட்டனர். ஒவ்வோர் இயக்கத்துக்கும் ஓர் ஐந்திலக்கக் குறியீடும், ஓய்வு நிலையைப்போல் எத்தனை மடங்கு என்னும் 'மெட்' மதிப்பும் அதில் உண்டு. ஓட்டமும் நீச்சலும் மட்டுமன்றித் தொழில் வேலைகளும் வீட்டு வேலைகளும் தனித் தலைப்புகளில் இடம்பெற்றன. ஆக, அறிவியல் உழைப்பை மறக்கவில்லை. 2003இல் கார்மினின் முதல் போர்ரன்னர் முதலாக வளர்ந்த கைக்கடிகாரச் சந்தையே ஓய்வுநேரப் பயிற்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. வாங்கக்கூடியவரின் நாளே பட்டியலின் வடிவமாயிற்று. அளவுகோலின் உடலும் நடுநிலையானதன்று: ஒரு மெட் என்பது கிலோவுக்கு நிமிடத்தில் 3.5 மில்லிலிட்டர் உயிர்வளி. 70 கிலோ எடையுள்ள, நாற்பது வயது ஆண் ஒருவரிடமிருந்து பெறப்பட்டதாகக் கருதப்படும் எண் அது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு 769 பேரை அளந்து சராசரி 2.6 மட்டுமே எனக் கண்டது.

அப்படியாயின் 'செங்கல் சுமத்தல்' என்றொரு பொத்தானைச் சேர்த்துவிட்டால் போதுமா? இங்கே எச்சரிக்கை தேவை. தொழிலாளியின் கைக்குக் கடிகாரம் வருமுன்பே அவர்மீது கடிகாரம் பிடிக்கப்பட்டது. டெய்லரின் அறிவியல் மேலாண்மை நிறுத்துகடிகாரத்தைக் கொண்டே வேலையைத் துண்டுகளாக்கி வேகத்தைக் கூட்டியது. நடைப்பயிற்சியாளரின் பதிவை அவர் தாமே படித்து மகிழ்கிறார். தொழிலாளியின் பதிவைப் பிறர் படித்து ஆணையிட்டனர். எனவே எது அளக்கப்படுகிறது என்பதோடு, அப்பதிவு யார் கையில் இருக்கிறது என்பதும் கேள்வியாக வேண்டும்.

வரலாற்று மாணவர்க்கு இது நடைமுறைச் சிக்கலும் ஆகும். இன்றைய தில்லியின் உடல்களைப் பற்றி எழுதப்போகும் நாளைய ஆய்வாளர், நிறுவனங்களின் கணினிகளில் குவிந்துள்ள இத்தரவை ஆவணக்காப்பகமாகக் கொள்ளும் ஆசைக்கு ஆட்படுவார். அதை மட்டும் நம்பினால், இந்நகரில் காலையில் மட்டுமே மக்கள் வியர்த்தனர் என்று அவர் முடிவுசெய்யக்கூடும். அதற்கு எதிர்ச்சான்றாக வேறு ஏடுகளும் உண்டு. 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகின்றனர் எனக் காட்டியது. அது நேரத்தை அளந்தது, உழைப்பின் கடுமையை அளக்கவில்லை. கைக்கடிகாரம் கடுமையை அளக்கிறது, ஆனால் பலரை விட்டுவிடுகிறது. இவ்விரு ஏடுகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் ஊட்டச்சத்துப் பரிந்துரைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே தில்லியின் உடலுழைப்பு வரலாற்றுக்குப் பொருத்தமான முறை. ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.