ரிசீவர் எப்போது பழையதாகிறது?

திரையில் மழை பெய்யும்போது நம் அறையைச் சுற்றிலும் மழை பெய்வதுபோல ஒலிக்கிறது. குதிரைகள் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து முன்னே திரையில் தோன்றுகின்றன. வீட்டிலேயே இந்த மாயத்தை நிகழ்த்தும் கருவிக்கு ‘ஹோம் தியேட்டர் ரிசீவர்’ என்று பெயர். இக்கருவியை வாங்கியவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் ஐயம் தவறாமல் எழும். புதியது வாங்க வேண்டுமா? பழையதே போதாதா? ‘உங்களிடம் இருப்பது காலாவதியாகிவிட்டது’ என்று விளம்பரங்கள் அச்சுறுத்தும். பல மாதச் சேமிப்பைச் செலவிடும் முன் என்ன செய்யலாம்? விலைப்பட்டியலைப் புரட்டுவதைவிட வரலாற்றைப் புரட்டுவது பயன்தரும். எந்தெந்த ரிசீவர்கள் எதனால் வீணாயின, எவை நெடுங்காலம் உழைத்தன என்பதை அறிந்தவர் எளிதில் ஏமாறமாட்டார்.

பெட்டிக்குள் இருவர்

வானொலி அலைகளைப் பெற்றுத் தரும் பகுதியையும், அதன் ஒலியைப் பெருக்கும் பகுதியையும் ஒரே பெட்டியில் அமைத்ததால் ரிசீவர் என்ற பெயர் வந்தது. வானொலியைப் பெறும் வேலை பின்னாளில் சிறிதாகிவிட்டாலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்றைய ரிசீவருக்குள் இருவர் குடியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் மொழிபெயர்ப்பாளர். தட்டிலிருந்தோ, தொலைக்காட்சியிலிருந்தோ குறியீடாக வரும் ஒலியைப் படித்து, ‘இது முன் இடப்பக்கத்துக்கு, இது பின் வலப்பக்கத்துக்கு’ என்று பிரித்துக் கொடுப்பவர். மற்றவர் உழைப்பாளி. பிரித்துக் கொடுத்த நலிந்த மின்குறிகளை ஒலிபெருக்கிகளை அசைக்கும் அளவுக்கு வலுப்படுத்துபவர். இவரையே ஆம்ப்ளிஃபயர் என்கிறோம். இவ்விருவரில் யார் முதலில் முதுமை அடைகிறார்? இதுதான் நம் கேள்வி.

இரண்டு காதுகளின் கணக்கு

ஒலி வரும் திசையை நாம் எவ்வாறு அறிகிறோம்? வலப்பக்கத்தில் எழும் ஓசை வலக்காதை முதலில் அடைகிறது. இடக்காதை அடைய அதற்கு மேலும் ஏறத்தாழ 0.0006 வினாடி ஆகிறது. அத்துடன் தலை மறைப்பதால் இடக்காதில் ஓசை சற்றுக் குறைந்தும் கேட்கிறது. இந்த இரு வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது என்று இங்கிலாந்து நாட்டு இயற்பியலறிஞர் ராலே பிரபு 1907இல் விளக்கினார்.

விளக்கத்துக்கு முன்பே செயல் வந்துவிட்டது. 1881இல் பாரிஸ் மாநகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமாந் ஆதேர் என்பவர் இசை நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தோர் தொலைபேசிக் குழல்களை இரு காதுகளிலும் வைத்துக் கேட்டபோது, பாடகர் மேடையில் இடம் மாறுவதைக் கண்ணால் காணாமலே உணர்ந்தனர்.

இதனை முழுமையான பொறியியலாக்கிய பெருமை ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயரைச் சேரும். 1931 டிசம்பரில் அவர் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்தில், ஒரே பள்ளத்தின் இரு சுவர்களில் இரு ஒலித்தடங்களைப் பதிக்கும் முறையும் அடங்கியிருந்தது. அதன் பயனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1942 ஜூனில் ராடார் சோதனையின்போது நேர்ந்த விமான விபத்தில் 38 வயதில் மாண்டார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958இல்தான் கடைகளுக்கு வந்தன.

அந்த ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கவனியுங்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் எல்லாம் ஒரே பதிவுமுறையை ஏற்றுக்கொண்டன. எந்த நிறுவனத்தின் தட்டையும் எந்த ஸ்டீரியோ கருவியிலும் கேட்க முடிந்தது. பழைய ஒற்றைத்தட இசைத்தட்டுகளும் புதிய கருவியில் ஓடின. எனவே வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை.

மூன்று மொழிகளின் சண்டை

இரண்டு தடங்கள் வெற்றி பெற்றதும், நான்கு இருந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்ற ஆசை பிறந்தது. அறையின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகளை வைக்கும் ‘குவாட்ரஃபோனிக்’ முறை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரபரப்புடன் விற்பனைக்கு வந்தது. ஆனால் இம்முறை நிறுவனங்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. சி.பி.எஸ். நிறுவனம் ‘எஸ்.க்யூ.’ என்ற முறையைக் கொணர்ந்தது. சான்சூயி நிறுவனம் ‘க்யூ.எஸ்.’ என்றது. ஜே.வி.சி. நிறுவனம் ‘சி.டி.-4’ என்ற மூன்றாவது முறையை முன்வைத்தது.

முதல் இரண்டும் நான்கு ஒலிகளை இரண்டு தடங்களில் கலந்து பதிந்து, கேட்கும்போது மீண்டும் பிரிக்க முயன்றன. இங்கே பள்ளிக் கணக்கை நினைவு கொள்ளுங்கள். இரண்டு சமன்பாடுகளைக் கொண்டு நான்கு அறியாக் கணியங்களைக் காண இயலுமா? இயலாது. ஆகவே ஒரு மூலையில் கேட்க வேண்டிய ஓசை அடுத்த மூலையிலும் கசிந்தது. எளிய பிரிப்பான்களில் அடுத்தடுத்த தடங்களுக்கிடையே 3 டெசிபெல் வேறுபாடே கிடைக்கும். அதாவது கசிந்த ஒலியின் திறன் மூல ஒலியின் திறனில் பாதி இருந்தது.

சி.டி.-4 முறையில் இக்குறை இல்லை. அது கூடுதல் செய்தியை 30,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஊர்தி அலையில் ஏற்றியது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும் என்பதால் அந்த அலை நமக்குத் தொல்லை தராது. ஆனால் அத்துணை நுண்ணிய பள்ளத்தைப் படிக்கத் தனி வடிவில் தீட்டிய ஊசி வேண்டியிருந்தது.

ஒரு முறைக்கான பிரிப்பான் மற்றொரு முறையின் தட்டைச் சரிவரப் பிரிக்காது. மூன்றில் எது நிலைக்கும் என்று அறியாமல் மக்கள் தயங்கினார்கள். 1970களின் முடிவுக்குள் மூன்றுமே சந்தையிலிருந்து மறைந்தன. விலை கொடுத்து வாங்கிய நான்கு தட ரிசீவர்கள் வெறும் ஸ்டீரியோ கருவிகளாக வீடுகளில் எஞ்சின. அவற்றின் உழைப்பாளிக்கு ஒரு குறையும் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் பேசுவதற்கு மொழி இல்லாமல் போயிற்று!

தோற்ற கணக்கின் வெற்றி

வியப்பு என்னவென்றால், வீட்டில் தோற்ற அதே கணக்கு திரையரங்கில் வென்றது. டால்பி நிறுவனம் 1970களின் நடுவில் படச்சுருளின் ஓரத்தில் இரண்டு ஒலித்தடங்களைப் பதித்து, அவற்றுள் நான்கை அடக்கியது. வழி எளியது. நடுவில் கேட்க வேண்டிய உரையாடலை இரு தடங்களிலும் ஒரேபோலச் சேர்த்தார்கள். பின்னால் கேட்க வேண்டிய ஓசையை இரு தடங்களிலும் நேர்மாறாகச் சேர்த்தார்கள். ஒன்றில் அலை மேடாக இருக்கும்போது மற்றதில் பள்ளமாக இருக்கும். இரு தடங்களையும் கூட்டினால் உரையாடல் வலுத்து, பின்னொலி அழியும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின்னொலி வலுத்து, உரையாடல் அழியும். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் இம்முறையின் புகழைப் பரப்பியது.

அத்திரைப்படங்கள் இருதட வீடியோ நாடாக்களாக வந்தபோது, அந்தப் பின்னொலியும் அவற்றுள் மறைந்தே வந்தது. அதை வெளிக்கொணரும் ‘டால்பி சரவுண்டு’ பிரிப்பான்கள் 1982இல் வீடுகளுக்கு வந்தன. 1987இல் வந்த ‘புரோ லாஜிக்’, எந்தத் திசையின் ஒலி அக்கணத்தில் மேலோங்குகிறது என்று கண்டு, கசிவை அடக்கியது. பிரிப்பான் இல்லாதவர் அதே நாடாவைச் சாதாரண ஸ்டீரியோவாகக் கேட்கலாம். அவருக்கு இழப்பு ஏதுமில்லை.

இது வென்றதன் காரணம் இப்போது புலப்படும். முதலாவது, எல்லாரும் ஏற்ற ஒரே உடன்பாடு. இரண்டாவது, பழைய கருவியைப் பகைக்காத புதுமை. பின்னர் வந்த ஒவ்வொரு முறையையும் இந்த இரு உரைகற்களில் உரைத்துப் பார்க்கலாம்.

எண்களின் காலம்

1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ திரைப்படத்துடன் டால்பி டிஜிட்டல் முறை வந்தது. மறு ஆண்டில் ‘ஜுராசிக் பார்க்’ படத்துடன் டி.டி.எஸ். வந்தது. முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு என ஐந்து முழுத் தடங்கள். இடியோசை போன்ற தாழ்ந்த ஓசைக்கு மட்டும் ஒரு குறுகிய தடம். இதைத்தான் 5.1 என்கிறோம். டி.வி.டி. தட்டில் இந்த ஆறு தடங்களும் வினாடிக்கு 4,48,000 பிட்டுகளில் அடங்கும். இரண்டே தடமுள்ள இசைக் குறுந்தட்டுக்கோ வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டும்! செவி உணராத பகுதிகளை நீக்கிச் சுருக்கியதன் விளைவு இது.

1995இல் இம்முறை லேசர் தட்டுகளில் வீட்டுக்கு வந்தது. அதற்காக ரிசீவர்களில் தனி வானலைத் துளை ஒன்றை அமைத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் டி.வி.டி. வந்தது, அது வேறு துளையைப் பயன்படுத்தியது. பணம் கொடுத்து வாங்கிய அந்தத் தனித்துளை பயனற்றுப் போயிற்று. ஆனால் அதே காலத்தில் விற்ற வேறு சில ரிசீவர்களில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆறு தடங்களையும் வெளியிலிருந்து நேராகப் பெறும் ஆறு சாதாரணத் துளைகள் மட்டும் இருந்தன. டி.வி.டி. கருவியே பிரித்துக் கொடுக்க, அவை நெடுங்காலம் உழைத்தன. எளிய கதவு நாகரிகக் கதவைவிட நீடித்தது!

அதன்பின் கதவு மீண்டும் மாறியது. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. உடன்பாடு 2002 டிசம்பரில் பிறந்தது. 2006இல் வந்த புளூ-ரே தட்டின் இழப்பற்ற பன்முக ஒலியைப் பழைய ஒளியிழைக் கம்பியால் தாங்க முடியவில்லை. எச்.டி.எம்.ஐ. கம்பியின் கொள்திறனும் 2013இல் வினாடிக்கு 18 கிகாபிட் என்றும், 2017இல் 48 கிகாபிட் என்றும் உயர்ந்தது. 2020இல் புத்தம் புதிதாக வெளிவந்த சில ரிசீவர்களில் ஒரு சில்லின் குறையால், வினாடிக்கு 120 முறை மாறும் 4கே விளையாட்டுப் படம் தெரியாமல் திரை கறுத்தது. முந்தி வாங்கியவர்களே அதில் அல்லலுற்றார்கள்.

உயரத்திலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் ‘டால்பி அட்மாஸ்’ 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்தது. அதன் கூடுதல் குறிப்புகள் பழைய குறியீட்டின் மேலேயே ஏறி வருகின்றன. அட்மாஸ் தட்டைப் பழைய ரிசீவரில் இட்டால் அது அக்குறிப்புகளை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த 5.1 அல்லது 7.1 ஒலியைத் தரும். புதிய முறை வந்துவிட்டது என்பதாலேயே உங்கள் கருவி ஊமையாகிவிடாது.

வாட் என்னும் வலை

‘இதில் 100 வாட், அதில் 120 வாட்’ என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். இந்த வேறுபாடு 0.8 டெசிபெல் மட்டுமே. செவிக்கு அது அரிதாகவே புலப்படும். ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். திறனை மிகைப்படுத்திச் சொல்லும் விளம்பரங்கள் பெருகியதால்தான் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1974இல் திறனை எவ்வாறு அளந்து அறிவிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. எத்தனைத் தடங்கள் ஒருசேர இயங்கும்போது எடுத்த அளவு அது என்று கேளுங்கள். ஒரு தடம் மட்டும் இயங்கும்போது அளந்த எண் பொதுவாகப் பெரிதாகவே இருக்கும்.

உழைப்பாளியும் நிலையானவர் அல்லர். வெப்பத்தால் மின்தேக்கிகள் உலரும். ஆயினும் அவற்றை மாற்றிப் பழுதுபார்க்கலாம்.

வாங்குமுன் சில கேள்விகள்

வரலாறு தரும் விடை இதுதான். ரிசீவரில் முதலில் முதுமை அடைபவர் மொழிபெயர்ப்பாளர். அதாவது மொழியும் கதவும். உழைப்பாளி இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், அவ்விதிகள் மாறுவதில்லை. எனவே உங்களையே இவ்வாறு கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் இல்லாத எந்த மொழி எனக்கு இன்று தேவைப்படுகிறது? மேலே ஒலிபெருக்கி வைக்க இடமில்லாத வீட்டுக்கு அட்மாஸ் பெரும்பயன் தராது.

கதவு மட்டும் பழையதா? அவ்வாறாயின் படத்தை நேராகத் தொலைக்காட்சிக்கு அனுப்பி, ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பலாம். இரு கருவிகளிலும் ‘ஈ-ஆர்க்’ வசதி இருந்தால் இழப்பற்ற ஒலியும் அவ்வழியே வரும்.

புதியது வாங்கியே தீர வேண்டுமா? ‘பிரீ-அவுட்’ துளைகள் உள்ளதைப் பாருங்கள். நாளை மொழி மாறினாலும், தனியாக இணைத்த ஆம்ப்ளிஃபயரை அப்படியே வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரை மட்டும் மாற்றலாம்.

புதிய முறை ஒன்றைக் காட்டுகிறார்களா? எத்தனை நிறுவனங்கள் அதை ஏற்றுள்ளன, பழைய கருவியிலும் அது ஒலிக்குமா என்று வினவுங்கள். 1970களில் நான்கு ஒலிபெருக்கிகளை வாங்கியவர்கள் இவற்றுள் முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்கள் பணம் பிழைத்திருக்கும்.

எச்சமாகும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிகளுக்குச் செலவிடுங்கள். கதவும் மொழியும் எத்தனை முறை மாறினாலும், கடைசியில் காற்றை அசைப்பவை அவையே. அதைக் கேட்பவையோ, ராலே பிரபு ஆராய்ந்த அதே இரண்டு காதுகள்தாம்.